வன்னியில் பெரிய தொழிற்சாலைக்குப் பயிலுனராகப் போகிறவர்களுக்கு

முதல் நாள் உங்கள் கைக்கு ஸ்பானர் வராது, ஒரு பழந்துணிதான் வரும். "தம்பி, இந்த வரிசையில கிடக்கிற மோட்டார் எல்லாத்தையும் துடைச்சுக்கொண்டு வாரும்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அன்று இரவு போர்டிங்கில் படுத்துக்கொண்டு, கணிதப் பிரிவில் மண்டையை உடைத்தது இதற்குத்தானா என்று யோசித்தேன். மூன்றாம் கிழமைதான் விளங்கியது. எந்த மோட்டார் அளவுக்கு மீறிச் சுடுகிறது, எதன் பெல்ட் ஓரம் பிய்கிறது, எந்த நட்டு கழன்று ஆடுகிறது என்பதெல்லாம் துடைக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியவரும்.

எங்கள் பக்கத்துக்குப் பெரிய தொழிற்சாலை புதுச் சாமான் இல்லை. ஆனையிறவு உப்பை வைத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் கெமிக்கல்ஸ் பற்றிக் கிளிநொச்சியில் வயதானவர்களிடம் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. போர் எல்லாவற்றையும் தின்றது. போருக்குப் பிறகு வந்தவற்றில் பெரியவை ஆடைத் தொழிற்சாலைகள். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். குழுமத்தின் விடியலும் வானவில்லும், வவுனியாவில் ஒமேகா லைனும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆடைத் தொழிற்சாலையில் பொறியியல் பயிலுனருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தையல் மெசின்கள் ஒரு பங்குதான். காற்றழுத்தம் கொடுக்கும் கொம்பிறஷர், நீராவிக்கு கொதிகலன், ஜெனரேற்றர், மின்பலகைகள், தண்ணீர் சுத்திகரிப்பு, காற்றாடிகள் என்று கட்டடத்துக்குள் ஒரு சின்ன ஊரே ஓடுகிறது. அதை ஓட வைத்திருக்கிற கூட்டத்தில் கடைசி ஆள் நீங்கள்.

எந்த வழியால் போவது

வழிகள் மூன்று. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்துவிட்டுத் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஊடாகப் போவது ஒன்று. எல்லோரும் நைற்றா என்றுதான் சொல்வார்கள், மாவட்ட அலுவலகத்தில் போய் விசாரிக்கலாம். இரண்டாவது, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் போன்ற இடத்தில் படித்து, அந்தப் படிப்பின் பகுதியாகத் தொழிற்சாலைக்குப் போவது. அதே அறிவியல் நகரில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களும் கைத்தொழில் பயிற்சிக்கு என்று வருவார்கள். மூன்றாவது, நிறுவனமே விளம்பரம் போட்டு ஆள் எடுப்பது.

எந்த வழியால் போனாலும் கடைசியில் கையில் என்ன மட்டச் சான்றிதழ் வரும் என்று முதலே கேளுங்கள். தேசிய தொழில் தகைமை என்கிற என்.வி.கியூ. ஏழு மட்டம் கொண்டது. 4 வரை சான்றிதழ் நிலை, 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். "பயிற்சி முடிந்ததும் ஒரு கடிதம் தருவோம்" என்று மட்டும் சொல்கிற இடத்துக்கும், என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு அனுப்புகிற இடத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கடிதம் அந்த வாசலோடு சரி, சான்றிதழோ கொழும்புக்கும் கட்டாருக்கும் வரும்.

கடதாசி விஷயம் வழமையானதுதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், விதானையாரின் கடிதம் எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதி எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் நான்கு விஷயம் பாருங்கள்: பயிற்சி எத்தனை மாதம், மாதக் கொடுப்பனவு எவ்வளவு, இரவு சிப்ட் உண்டா, காயப்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது. ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்றும் கேளுங்கள். ஊழியர் என்று எடுத்தால் உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, அவர்கள் 12 வீதம் போட வேண்டும், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். பயிலுனர் என்று எடுக்கும்போது கதை வேறாக இருக்கலாம், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். கேட்டதற்காக ஒருவரும் வேலையைத் தராமல் விடமாட்டார்கள்.

கையும் கழுத்தும் பத்திரம்

கோயில் நூலைக் கழற்றுங்கள். இதை முதலில் சொல்லக் காரணம், எங்கள் பெடியள் மோதிரத்தைக் கழற்றுவார்கள், சங்கிலியைக் கழற்றுவார்கள், மணிக்கட்டில் கட்டிய நூலை மட்டும் விடமாட்டார்கள். அம்மா முறிகண்டியில் அர்ச்சனை செய்து கட்டியதாக இருக்கும். பெல்ட்டும் கப்பியும் அதைப் பார்ப்பதில்லை. நூலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையார் கோபிக்க மாட்டார். பெண் பிள்ளைகள் பின்னலை மடித்துத் தொப்பிக்குள் விடுங்கள். செருப்போடு உள்ளே போகாதீர்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டால் மெசின் செத்துவிட்டது என்று நினைப்பதுதான் புதியவர்கள் விடுகிற பெரிய பிழை. பழைய கிளச் மோட்டார் பூட்டிய மெசினில் சுவிட்ச் அணைத்த பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கால் மிதியில் பட்டால் ஊசி இறங்கும், கீழே உங்கள் விரல் இருக்கும். அதனால் அணைத்துவிட்டு, விரலை ஊசிக்குக் கீழே வைக்காமல் மிதியை அழுத்தி மோட்டாரை முழுதாக நிற்க வையுங்கள். புதிய சேர்வோ மோட்டாரில் சுற்றல் நின்றுவிடும், ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொண்டென்சர்களில் மின் தங்கியிருக்கும். 230 வோல்ற்றை நேர்மின்னாக்கும்போது 325 வோல்ற் அளவுக்கு ஏறும். பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகு மூடியைத் திறவுங்கள். அந்த மீற்றரையும் முதலில் மின் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து, வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழுதான மீற்றர் மின் இருக்கிற இடத்திலும் பூச்சியம் காட்டலாம்.

காற்றுக் குழாயால் உடம்பில் இருக்கிற தூசியை ஊதாதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒருநாள் கண்ணுக்குள் நூல் துகள் போய் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அரை நாள் இருந்தேன்.

மூன்று பேஸ் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பூட்டினால், அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இரண்டு வயர் மாறினால் சுற்றுத் திசை மாறும். இதைப் பாடத்தில் எழுதிப் புள்ளி எடுத்தவன்தான் நான். ஆனாலும் ஆடி மாதம் ஒரு பெரிய வெளியேற்றுக் காற்றாடியைத் திருத்திப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனேன். திரும்பி வந்தால், சூட்டை வெளியே தள்ள வேண்டிய காற்றாடி சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றின் தூசியை உள்ளே அள்ளிக் கொட்டிக்கொண்டு இருந்தது. கீழே இருந்தது வெள்ளைத் துணி வெட்டி வைத்த மேசை. அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னுடைய பெயர் 'சோளகம்'.

மெசினில் இருக்கிற அக்காவிடம் கேளுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத வெளிக்கிட்டதே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஒரு தையல் மெசின் நின்றால், அந்த லைனில் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை வராது. இலக்கு விழும். அந்த நேரம் மெக்கானிக் ஓடி வருவார், மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார், நீங்கள் ரூல் பெட்டியோடு பின்னால் நிற்பீர்கள். ஒருவரும் அந்த மெசினில் நாள் முழுக்க இருக்கிற பிள்ளையிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவள் எழும்பி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்தியர் நோயாளியைத் திண்ணையில் விட்டுவிட்டுக் கட்டிலைச் சோதிக்கிற மாதிரித்தான் அது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒற்றை ஊசி மெசின் ஒன்றில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நூல் இறுக்கத்தைக் குறைத்தேன். ஊசியை மாற்றினேன். ஊசியின் நீண்ட பள்ளம் இடப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஊசியின் நூலைப் பிடிக்கிற கொக்கியில் சிராய்ப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினேன். எல்லாம் சரி. சும்மா ஒரு துண்டு தைத்துப் பார்த்தால் நூல் அறுபடவில்லை. "இப்ப சரி அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப முன்னரே அறுந்தது. மூன்றாவது முறை அந்த அக்கா, தருமபுரத்துக்காரி, பொறுமையிழந்து சொன்னா: "தம்பி, நான் முதலே சொன்னனான். சின்னத் தையலில அறுகிறேல்ல, நீட்டுத் தையலில தான் அறுகுது."

அதற்குள் விடை இருந்தது. செயற்கை இழைத் துணியில் வேகமாக, நிறுத்தாமல் நீளமாகத் தைக்கும்போது உராய்வால் ஊசி சுடும். அந்தச் சூட்டில் பொலியெஸ்டர் நூல் இளகி அறும். நான் தைத்துப் பார்த்தது நான்கு அங்குலம், ஊசி சூடேற அது போதாது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு நம்பர் மெல்லிய ஊசி போட்டு, நூல் போகிற வழியில் சிலிக்கன் எண்ணெய் தொட்டதும் நின்றுவிட்டது. அவ சொன்னதை முதலில் காதில் வாங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை, நான் எடுத்தது ஐம்பது நிமிடம்.

அதனால் ரூல் பெட்டியைத் திறக்க முன்னர் இந்த நான்கையும் கேட்டுப் பழகுங்கள்: எப்போது தொடங்கியது? எந்த இடம் தைக்கும்போது? சத்தம் மாறியதா? இதற்கு முன்னர் யார் வந்து என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பாதிப் பழுது, நேற்று இன்னொருவர் அவசரத்தில் திருகிவிட்டுப் போனதாகத்தான் இருக்கும். கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். உங்களைவிட வயது குறைந்தவளாக இருந்தாலும் 'நீ' போடாதீர்கள், "தங்கச்சி, என்னெண்டு சொல்லும்" என்று கேட்டால் எல்லாம் சொல்வாள். லைனில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தியிடம் துள்ளினால் நாற்பது பேரும் உங்களுக்கு வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஊசி உடைந்தால் விளையாட்டில்லை. உடைந்த துண்டு அத்தனையும் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஊசி முழுதாகச் சேர்கிறதா என்று காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த உடுப்புகளை ஒதுக்கி, உலோகம் கண்டுபிடிக்கிற கருவியில் போட வேண்டும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போடப்போகிற சட்டை அது. துண்டைத் தேடி நிலத்தில் தவழ்வது பயிலுனர் வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மொழிப் பாலம், அதில் ஒரு பொறி

பெரிய இடங்களில் மூத்த மெக்கானிக்குகளில் பலர் தெற்கில் இருந்து வந்த சிங்களவர்கள். லைனில் இருக்கிறவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்த பயிலுனருக்கு அங்கே பெரிய கிராக்கி. 'கெடிலா' என்றால் பழுது. 'இஸ்குருப்பு நியன' என்றால் ஸ்குரூட்ரைவர். 'டிக்கக் இன்ன' என்றால் கொஞ்சம் பொறு. 'அல்லன்ன எப்பா' என்றால் தொடாதே, இதை மட்டும் முதல் நாளே பாடமாக்கிவிடுங்கள், யாராவது கத்தும்போது அர்த்தம் யோசிக்க நேரம் இராது.

பொறி என்னவென்றால், உங்களை மொழிபெயர்ப்பாளராகவே வைத்துக்கொள்வார்கள். நாள் முழுக்க அங்கே சொன்னதை இங்கே சொல்லி, இங்கே சொன்னதை அங்கே சொல்லி, மாலையில் பார்த்தால் கையில் எண்ணெய் படவில்லை. என்னோடு சேர்ந்த ஒரு பெடியன் ஒரு வருடம் இப்படியே போய், கடைசியில் ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரத்தைச் சரியாக வைக்கத் தெரியாமல் மதிப்பீட்டில் முழிசினான். மொழிபெயர்த்துக் கொடுங்கள், ஆனால் கூலி கேளுங்கள்: "ஹரி அய்யே (சரி அண்ணா), நான் சொல்லித் தாறன், இந்த முறை நான் பூட்டுறன், நீங்கள் பாருங்கோ." பெரும்பாலும் விடுவார்கள். எனக்கு வேலை பழக்கியவர் குருநாகல்காரர். ஊசி அடியில் இருந்து இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட மேலெழும்போது கொக்கியின் முனை ஊசியின் நடுவுக்கு வர வேண்டும், இரண்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. என்னுடைய விரலைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்.

நாட்குறிப்பு

நைற்றா வழியால் போனாலும் பல்கலைக்கழகத்தால் போனாலும் தினமும் எழுதிக் கையெழுத்து வாங்குகிற புத்தகம் ஒன்று இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து நாளையும் சேர்த்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். பார்த்தவுடன் தெரியும், ஐந்து நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெசினைத் திருத்திய நாளில் 'இன்று ஓவர்லொக் மெசின் திருத்தினோம்' என்று எழுதினால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. இப்படி எழுதுங்கள்: 'லைன் 4, ஓவர்லொக். தடித்த இணைப்பில் மட்டும் தையல் விடுகிறது. ஊசி மாற்றினோம், மாற்றமில்லை. கீழ் லூப்பர் முனை தேய்ந்திருந்தது. மாற்றி, ஊசிக்கும் லூப்பருக்கும் இடைவெளி வைத்தோம். 25 நிமிடம். நான் விட்ட பிழை: நூல் பாதையை முதலில் பார்க்கவில்லை.' பிழையை எழுதப் பயப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே பழுது வரும்போது இந்தப் பக்கம்தான் உதவும். என்னுடைய காற்றாடிக் கதையும் புத்தகத்தில் இருக்கிறது, பொறியியலாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

தூசியும் தண்ணீரும்

கம்பனி தருகிற பராமரிப்பு அட்டவணை எங்கேயோ குளிர்நாட்டில் அச்சடித்ததாக இருக்கும். வன்னிக்கு அது பொருந்தாது. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும் வரைக்கும் சோளகம் செம்மண்ணைக் கிளப்பும், கொம்பிறஷரின் காற்று வடி சீக்கிரம் அடைபடும். மின்பலகைக்குள் தூசி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் தலைகீழ். காற்றில் ஈரம் கூடும், கொம்பிறஷரின் தாங்கிக்குள் தண்ணீர் சேரும். கீழே இருக்கிற வால்வைத் திறந்து தினமும் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் குழாயோடு போய் காற்றில் இயங்குகிற நூல் வெட்டியை எல்லாம் கெடுக்கும். இதைப் பயிலுனரிடம்தான் தருவார்கள். அலுப்பான வேலை, ஆனால் ஒருநாள் விட்டாலும் பிடிபடும்.

தண்ணீர் இன்னும் பொல்லாதது. வீட்டுக் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் கொதிகலன் குழாய்க்குள்ளும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாய் எரியும், எரிபொருள் செலவு கூடும். அதைத் தடுக்கத்தான் வன்தண்ணீரை மென்மையாக்குகிற தாங்கி. அதற்குள் இருக்கிற பிசின் மணிகளை உப்புக் கரைசலால் இடைக்கிடை கழுவ வேண்டும். நான் முதன்முதல் உப்பு மூட்டை தூக்கியபோது, கன்டீனுக்கு என்று நினைத்துக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டேன். கொதிகலனை மட்டும் தனியாகத் தொடாதீர்கள். அதற்குப் பொறுப்பானவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் வால்வைத் திறப்பதும் பூட்டுவதும்.

காசும் லீவும்

கொடுப்பனவு பெரிதாக இராது. முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்தில் இருந்து வந்து போர்டிங்கில் நிற்கிறவர்களுக்கு வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் கொஞ்சம்தான். கம்பனி பஸ் உங்கள் ஊருக்கு வருகிறதா என்று பார்த்து, வந்தால் வீட்டில் இருந்தே போங்கள். விடிய நான்கரைக்கு எழும்ப வேண்டும், ஆனால் அம்மாவின் சோறு. வீட்டில் 'மகன் இஞ்சினியர்' என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், கலியாண வீட்டில் யாராவது கடன் கேட்பார்கள். இப்போதே ஒரு பதில் யோசித்து வையுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் காலபோக அறுவடைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் லீவு கேட்பார்கள். ஒரு மாதம் முன்னரே எழுதிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் அதுவும் நல்லதுதான். ஆள் குறைந்த நாட்களில்தான் உங்களை நம்பி ஒரு லைனைத் தனியாக விடுவார்கள். நான் முதல் தரம் ஒரு மெசினை முழுதாக என் பொறுப்பில் திருத்தியது ஒரு பொங்கல் நாளில்.

முடித்து வெளியே வரும்போது

மதிப்பீட்டுக்கு வருகிறவர் கேள்வி குறைவாகத்தான் கேட்பார், செய்து காட்டச் சொல்வார். வேர்னியரைப் பிடிக்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். 0.02 மில்லிமீற்றர் வாசிக்கிற கருவியின் தாடையால் தகட்டில் கோடு கீறினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. பழுதை வேண்டுமென்றே செய்து வைத்துவிட்டு 'இதைப் பாரும்' என்பார்கள். உடனே ஸ்பானரைத் தூக்காமல், பக்கத்தில் நிற்கிறவரிடம் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். என்னைச் சோதித்தவர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வெளியேற முன்னர் மூன்று விஷயத்தைக் கையில் வாங்குங்கள்: சேவைக் கடிதம், நாட்குறிப்பின் முழுப் பிரதி, நீங்கள் வேலை செய்த மெசின் வகைகளின் பட்டியலில் பொறுப்பாளரின் கையெழுத்து. பிறகு வருகிறேன் என்று போனால் அந்தப் பொறுப்பாளர் வேறு ஊருக்கு மாறியிருப்பார். கடிதத்தை வாசலிலேயே நின்று வாசித்து, உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கள் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். என்னுடையதில் ஒரு எழுத்துக் கூடி இருந்தது. திருத்தி எடுக்க ஏ9 வீதியில் நான்கு தரம் பஸ் ஏறினேன்.